பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஒரு ராஜ குடும்பம்

பொடி போடுகிறவர்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. என் அப்பாவுக்கு அந்தப் பழக்கம் உண்டு. வாழைமட்டையில் மடித்த பொடியை வேட்டி மடிப்பில் செருகி வைத்திருப்பார். சர்ச்சில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணும் நேரம் பார்த்துத்தான் அவருக்குத் தும்மல் வரும். அப்படியிருக்க, பொடி வைப்பதற்கென்று தங்கத்தில் ஒரு டப்பா செய்து, அதைச் சுற்றி ஒரு ராஜாவையும் ராணியையும் அவர்கள் பெற்ற ஐந்து பிள்ளைகளையும் வரைந்து வைத்திருந்ததை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. மூக்கைச் சிந்துகிற காரியத்துக்கு இவ்வளவு சீரும் சிறப்புமா என்று நினைத்தேன்.

அந்த டப்பா, ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டின் பங்களாவில் இருந்தது. சுதந்திரம் வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மற்ற துரைமார்கள் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பல் ஏறியபோது ஏறாமல் தங்கிவிட்ட ஒரு துரைசானி அந்த டப்பாவின் சொந்தக்காரர். துரை இறந்துவிட்டார். எஸ்டேட்டை ஒரு சேலத்துக்காரர் வாங்கிக்கொண்டார். பங்களாவில் மட்டும் துரைசானி இருக்கும்வரை இருந்துகொள்ளலாம் என்று பேச்சு. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது.

அதனால்தான் எனக்கு அங்கே வேலை கிடைத்தது. என் அப்பா அதே எஸ்டேட்டில் ரைட்டர். நான் மிஷன் பள்ளியில் படித்து இங்கிலீஷ் தட்டுத்தடுமாறாமல் வாசிப்பேன். இருபத்திரண்டு வயது, கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது, நாக்கு மட்டும் நீளம். துரைசானிக்கு வரும் கடிதங்களைப் படித்துக் காட்டுவது, பதில் எழுதுவது, நாலு மணிக்கு டீ குடிக்கும்போது எதிரில் உட்கார்ந்திருப்பது, இவைதான் என் வேலை. உட்கார ஒரு மோடா கொடுத்திருந்தார்கள்.

பங்களாவில் இன்னொருத்தி இருந்தாள். சமையல், துணி, பெருக்குவது, துடைப்பது, துரைசானியைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவள். என் அம்மா வயது. ஆனால் தோட்டக்காரனிலிருந்து தபால்காரர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். மாரமங்கலத்துக்காரி. கல்யாணமாகி இரண்டாம் வருஷமே தாலி போனது. பிள்ளை இல்லை. இருபத்தாறு வருஷமாகப் பங்களாவின் பின்பக்க அறையில் இருந்தாள். ஊரில் தம்பி வீடு இருந்தது, தம்பி பெண்டாட்டி வாசற்படி ஏற்றமாட்டாள். இந்த வேலை போனால் அவளுக்குப் போக இடம் கிடையாது. இது எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும்.

துரைசானியை 'அவர்' என்றும் அக்காவை 'அவள்' என்றும் எழுதுகிறேன். அன்றைக்குப் பழகிய வாய். இப்போது திருத்தி எழுதி நல்ல பேர் வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை.

டப்பா உள்ளங்கைக்குள் அடங்கும். மூடியில் ராஜாவும் ராணியும் பக்கம் பக்கமாக இருப்பார்கள். பக்கவாட்டில் சுற்றிலும் ஐந்து பிள்ளைகள். ஒவ்வொரு முகமும் புளியங்கொட்டை அளவு. மேலே சின்னச் சின்னக் கண்ணாடி பதித்திருந்தது. எந்த நாட்டு ராஜா என்று கேட்காதீர்கள். துரைசானி பலமுறை சொல்லியிருக்கிறார், அந்த நாடே இப்போது கிடையாதாம். துரையின் முப்பாட்டனார் ஒரு டாக்டர். அந்த ராஜாவின் கடைசிப் பிள்ளைக்கு வைத்தியம் பார்த்ததற்கு வெகுமதியாக வந்தது அது. பிள்ளை பிழைக்கவில்லை என்பதையும் துரைசானியேதான் சொன்னார். செத்த பிள்ளைக்கே தங்க டப்பா என்றால், பிழைத்திருந்தால் என்ன கொடுத்திருப்பார்களோ.

தினமும் நாலு மணிக்கு அக்கா அதை ஒரு வெல்வெட் துணியில் வைத்துக் கொண்டுவந்து துரைசானி மடியில் வைப்பாள். துரைசானி விரலால் தடவிப் பார்த்து ஒவ்வொருவராகச் சொல்லுவார். இது ராஜா. இது ராணி, உதடு மெல்லியது, கோபக்காரி. இது மூத்தவன், குதிரையிலிருந்து விழுந்தவன். இது இரண்டாவது, பெண், மூக்கு அப்பாவுடையது, பாவம். இப்படிக் கடைசிப் பிள்ளை வரைக்கும் போகும். நான் வருவதற்கு முன்பு இருபது வருஷமாக இதை அக்காவிடம்தான் சொல்லிவந்தார். அக்காவிடம் பேச அவருக்குத் தெரிந்த தமிழில் வா, போ, எடு, வை, காட்டு மாதிரி ஏவல் சொற்களைத் தவிர அதிகம் கிடையாது. அந்தத் தமிழிலேயே ஒரு ராஜ வம்சத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தார். அக்கா நின்றுகொண்டே கேட்பாள். உட்காரச் சொல்லி யாரும் சொன்னதில்லை.

எனக்கு மோடா கிடைத்ததே, அக்காவுக்கு அதில் வருத்தமா என்று கேட்டால், இல்லை. என்னிடம் பிரியமாகத்தான் இருந்தாள். கண்ணு, சாமி என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் எனக்கு டீ கொடுக்கும் டம்ளரைச் சமையலறைக்குள் வைக்கமாட்டாள். வெளி ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்திருப்பாள். நான் அதை எடுத்து நீட்டவேண்டும், அவள் உயரத்திலிருந்து ஊற்றுவாள், குடித்துவிட்டு நானே கழுவிக் கவிழ்க்கவேண்டும். எங்கள் வீட்டில் ஞானஸ்நானம் வாங்கி இரண்டு தலைமுறை ஆகிறது. தலையில் ஊற்றிய அந்தத் தண்ணீர் டம்ளர் வரைக்கும் எட்டவில்லை.

சித்திரை கடைசியில் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு அம்மாள் டீக்கு வந்திருந்தார். டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, தங்கம் கருத்துப்போயிற்றே, இந்த மலைப் பனியில் எதுதான் நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். துரைசானிக்கு அது பொறுக்கவில்லை. கண் தெரியாதவரிடம் உன் பொருள் அழுக்காக இருக்கிறது என்று சொன்னால் பொறுக்குமா? அக்காவைக் கூப்பிட்டு, "பெட்டி சுத்தம் பண்ணு" என்றார். அவ்வளவுதான். எதால், எப்படி என்று சொல்லவில்லை. மெல்லிய துணியால் மேலாகத் துடைப்பது என்பது அவர் கணக்கு.

அக்காவின் கணக்கு வேறு. தங்கத்தைத் துணியால் துடைத்துப் போடுவது அவளுக்கு மரியாதைக்குறைவு. நம் வீடுகளில் தங்கத்தை எப்படிச் சுத்தம் செய்வோம்? பூந்திக்கொட்டையை உடைத்து முதல் நாளே ஊறப்போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் நுரை வரக் கசக்கி, நகையை அதில் கால்மணி நேரம் போட்டுவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து எடுப்போம். புதுசாக மின்னும். சேர்வராயன் கோயில் திருவிழா வந்துகொண்டிருந்தது. திருவிழாவுக்கு முன்பு அவள் தன் ஒரு ஜோடித் தோட்டை அப்படித்தான் கழுவுவாள். அந்த வருஷம் பூந்திக்கொட்டையைக் கொஞ்சம் கூடுதலாக ஊறவைத்தாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. அந்த டப்பாவில் தண்ணீர் படக்கூடாது என்பது எனக்குத் தெரியும். இரண்டு மாதம் முன்பு துரைசானியின் அண்ணன் மகன் சீமையிலிருந்து எழுதியிருந்தான். படங்கள் தந்தத் தகட்டில் தண்ணீர்ச் சாயத்தால் தீட்டியவை, ஈரம் உள்ளே போனால் அவ்வளவுதான், அங்கே வைத்திருக்காமல் எனக்கு அனுப்பிவிடுங்கள் அத்தை என்று. அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியவள் நான். துரைசானி, டப்பாவுக்கு அலைகிறான் என்று சிரித்துவிட்டு, அனுப்பமுடியாது என்று பதில் எழுதச் சொன்னார். அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. இங்கிலீஷில் நடந்த சமாச்சாரம்.

அன்று காலை பயங்கர மூடுபனி. நடந்து வந்ததில் சேலை முழுக்க நனைந்து, எனக்குப் பல் கிட்டியது. சமையலறை வாசலில் நின்றபடி, அடுப்பருகே இருந்த டம்ளர் ஒன்றை எடுக்கக் கையை நீட்டிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, குளிரில் நீண்டுவிட்டது. அக்கா அதட்டவில்லை. மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல, "கண்ணு, உன்ற டம்ளரு அங்க இருக்குதல்ல" என்றாள். அதட்டியிருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

நான் ஜன்னலுக்கு வெளியே போய் என் டம்ளரை எடுத்தேன். அங்கிருந்து பார்த்தால் உள்ளே பீங்கான் பேசின் தெரிந்தது. நுரை நிறைய. தோடு கழுவித் தட்டில் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா முந்தானையால் பிடித்து டப்பாவை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பேசினுக்குள் இறக்கினாள்.

"வெறுந்துணியில தொடைச்சாப் பத்துமா கண்ணு? தங்கம் லச்சுமியில்ல. குளிப்பாட்டோணும்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். "எடுங்கக்கா" என்றால் போதும். நான் டீயை ஊதி ஊதிக் குடித்தேன். கெடட்டும் என்று நினைத்தேன். அந்த வார்த்தை மனசுக்குள் எந்தக் குரலில் ஓடியது என்பதுகூட இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. கால்மணி நேரம் அந்த ஜன்னலோரம் நின்றேன். டம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, துரைசானிக்குப் பேப்பர் படிக்கப் போனேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்குகூட மிஞ்சவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்கா வராந்தா ஓரம் வந்து கையைக் காட்டிக் கூப்பிட்டாள். டப்பா தகதகவென்று இருந்தது. அப்படி மின்னி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கண்ணாடிக்கு உள்ளே மட்டும் ஏழு இடத்திலும் பழுப்பு வெள்ளையாகத் தகடு தெரிந்தது. ராணிக்குக் கழுத்துக்குக் கீழே கொஞ்சம் நீலம் தங்கியிருந்தது, அது அவள் உடுப்பு.

"மூஞ்சியெல்லாம் எங்க கண்ணு போச்சு?" என்றாள். "உள்ளார பனி பூத்துக்கிச்சா? வெயில்ல வெச்சா வந்துருமா?"

வெயில் வந்த பிறகு காப்பி காயப்போடும் களத்தில் ஒரு முறத்தை வைத்து, அதில் டப்பாவை வைத்துக் காக்கா வராமல் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். மத்தியானம் வரை அப்படியே இருந்தாள். முகங்கள் வரவில்லை. மூன்று மணிக்குச் சமையலறைக்குள் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு உள்ளே எங்கோ ஒரு மூலையில் திருப்தியாக இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நாலு மணி ஆயிற்று. டீ வந்தது, டப்பா வந்தது. துரைசானி டப்பாவை விரலால் தடவினார். "நன்றாகச் சுத்தம் செய்திருக்கிறாள்" என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். பிறகு விரல் வழக்கம்போல் நகர்ந்தது. இது ராஜா. இது ராணி, கோபக்காரி. இது மூத்தவன். ஏழு வெறும் தகட்டுக்கும் பேரும் சரித்திரமும் சொல்லி முடித்து, "அழகான குடும்பம், இல்லையா?" என்று கேட்டார். "ஆமாம் மேடம்" என்றேன்.

அப்புறம் ஏழு மாதம் அப்படியே ஓடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கமுடியாது என்பார்கள், பார்க்கும் கண் இல்லாவிட்டால் மறைக்கலாம். டீக்கு வெளியாள் வரும் நாளில் மட்டும் அக்கா டப்பாவை எடுத்துவரமாட்டாள், ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவாள்.

எனக்கு அதில் ஒரு விளையாட்டுப் பிடித்துக்கொண்டது. துரைசானி சொல்லச் சொல்ல நான் குறுக்கே கேட்பேன். மேடம், மூத்த இளவரசிக்குக் கண் என்ன நிறம்? மேடம், கடைசிப் பிள்ளை சிரிக்கிறானா அழுகிறானா? அவருக்கு ஒரே சந்தோஷம். இந்த ஊரில் ஒரு பெண் இவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறாளே என்று. டப்பாவை என் முகத்தருகே நீட்டி, "பார், நீயே பார்" என்பார். நான் குனிந்து வெறும் தகட்டைப் பார்த்துவிட்டு, "ஆமாம் மேடம், பச்சைக் கண்தான்" என்பேன். பின்னால் அக்கா நின்றுகொண்டிருப்பாள். அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும்.

"கேக்காத சாமி," என்று சமையலறையில் என்னைக் கெஞ்சினாள். "பாவம், கண்ணுத் தெரியாத சென்மம். நீ கேக்கக் கேக்க அவீங்க பொட்டிய உன்ற மூஞ்சிக்கு நீட்டறாங்க."

நான் நிறுத்தவில்லை. அவளை நடுங்க வைக்க ஒன்று, மோடா போட்டு உட்காரவைத்தவரை மடச்சியாக்க ஒன்று. ஒரே கேள்வியில் இரண்டு வேலையும் நடந்தது.

ஐப்பசியில் கண் ஆபரேஷனுக்கு ஏற்பாடாயிற்று. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளலாம், பார்வை திரும்பிவிடும் என்று டாக்டர் எழுதியிருந்த கடிதத்தையும் நான்தான் படித்தேன். துரைசானி, "முதலில் அவர்களைத்தான் பார்ப்பேன்" என்று டப்பாவைத் தட்டினார்.

அன்று சாயங்காலம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குமுன் அவள் என்னைத் தொட்டதில்லை.

"உனக்கு இங்கிலீஸ் வருது கண்ணு. நீயே சொல்லிப்போடு. கெடுக்கோணும்னு பண்ணலே, நல்லதுக்குன்னுதான் பண்ணினேன்னு எடுத்துச் சொல்லு. நான் சொன்னா அவீங்களுக்குப் புரியாது, வெரட்டிப்போடுவாங்க. நீ சொன்னாக் கேப்பாங்க."

"சொல்றேங்கக்கா," என்றேன்.

"எப்பக் கண்ணு?"

"நாளைக்குச் சொல்றேங்க."

அந்த நாளை வரவேயில்லை. தினமும் கதவோரம் நின்று கண்ணால் கேட்பாள், நான் தலையை ஆட்டி, இன்னும் இல்லை என்பேன். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், அப்போது எனக்குப் பயமும் இருந்தது. சொன்னால், நீ ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். பச்சைக் கண் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும்.

துரைசானியைக் காரில் சேலத்துக்குக் கூட்டிப்போன அன்று அக்கா சேர்வராயன் கோயிலுக்கு மேலே நடந்தே போனாள். குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். "தொரசானிக்குக் கண்ணுத் தெரியக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். நொம்பப் பாவமில்ல கண்ணு இது? இருவத்தாறு வருசம் சோறு போட்டவீங்க." மறுநாள் முழுக்கப் பட்டினி கிடந்தாள். அதற்கடுத்த நாள் மறுபடி மலையேறி, முந்தின வேண்டுதலை எடுத்துக்கொள்ளும்படி சாமியிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரிக்குத் துரைசானியைப் பார்க்க ஒரு பாட்டிலில் தேனும் கொடுத்தனுப்பினாள்.

துரைசானி மார்கழியில் திரும்பினார். இரண்டு கண்ணுக்கும் சோடாப் பாட்டில் அடிபோலக் கண்ணாடி. காரைவிட்டு இறங்கியதும் என் முகத்தைப் பார்த்தார். "நீ இவ்வளவு கறுப்பு என்று நினைக்கவில்லை" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "பெட்டி எடு" என்றார்.

அக்கா எடுத்துவந்தாள். துரைசானி வராந்தாவில் வெளிச்சத்துக்கு நேராக உட்கார்ந்து, டப்பாவைக் கண்ணருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். திருப்பித் திருப்பி ஏழு இடத்தையும் பார்த்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு அதை அக்காவிடம் நீட்டி, "ராஜா காட்டு" என்றார்.

அக்கா விரலை வைத்தாள். "இதுதானுங்க ராசா."

"ராணி காட்டு."

"இதுங்க. கோவக்காரிங்க."

அவர் கேட்கக் கேட்க அவள் காட்டினாள். இது பெரிய பையனுங்க, குருதெ மேலருந்து உளுந்தவனுங்க. இது ராசா மூக்குள்ள புள்ளைங்க. ஒன்றையும் விடவில்லை, வரிசையும் தப்பவில்லை. கடைசிப் பிள்ளைக்கு வந்ததும், "இது செத்துப்போன கொழந்தைங்க" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். தங்கம் என்று நினைத்துக் குளிப்பாட்டியது, பூந்திக்கொட்டை ஊறவைத்தது, தன் தோட்டையும் அதே தண்ணீரில்தான் கழுவியது, களத்தில் காயவைத்துக் காத்திருந்தது, ஏழு மாதமாகத் தூக்கமில்லாமல் போனது.

துரைசானி என் பக்கம் திரும்பி, "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார்.

அப்படி ஒரு அதிகாரம் என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைத்ததில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. நான் சொன்னது இவ்வளவுதான்: "தண்ணீரில் போட்டேன் என்கிறாள், மேடம். மே மாதத்தில்."

அவர் விரலை மடக்கி எண்ணினார். முகம் சிவந்தது. டப்பா போனதைவிட, ஏழு மாதம் வெறும் தகட்டைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்ததுதான் அவருக்கு உறைத்தது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தார். "நீ எதிரில் உட்கார்ந்திருந்தாய். பச்சைக் கண் என்றாய்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். "நீங்கள் சொன்னதால் சொன்னேன், மேடம். இதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? அது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்" என்றேன். தலையையும் கொஞ்சம் குனிந்துகொண்டேன்.

அவர் நம்பினார். ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. "ஆமாம், உங்களுக்கு எப்படித் தெரியும்" என்றார். எங்களைப் பற்றி அவர் மனசில் இருந்த மட்டமான எண்ணம் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. அதற்காக அவரை அன்றைக்கு வெறுத்த அளவுக்கு வேறு யாரையும் நான் வெறுத்ததில்லை. இருந்தும் அந்தப் பொய்யை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன கண்ணு சொன்னாங்க? நான் சொன்னதையெல்லாம் சொல்லிட்டியா?" என்று அக்கா கேட்டாள்.

"எல்லாம் சொல்லிட்டேங்கக்கா," என்றேன்.

பொங்கலுக்குள் அறையைக் காலி செய்யவேண்டும் என்று துரைசானி முடிவு செய்தார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். அக்கா காலில் விழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒரு காயிதம் மட்டும் எழுதிக் குடுக்கச் சொல்லு கண்ணு. வேற பங்களாவுல கேப்பாங்க. இத்தன வருசம் இருந்தேனில்ல."

வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு அப்படி ஒரு சர்டிபிகேட் கொடுப்பது பங்களாக்களில் வழக்கம். அது இல்லாமல் எந்தச் சமையலறையிலும் ஆளை உள்ளே விடமாட்டார்கள். துரைசானி மறுக்கவில்லை. சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இங்கிலீஷில் ஐந்து வரி. இவள் என்னிடம் இருபத்தாறு வருஷம் இருந்தாள். சுத்தமானவள், சமையல் தெரியும். திருடமாட்டாள். ஆனால் தான் செய்த தவறை மறைத்து, முகத்துக்கு நேரே ஏமாற்றுவாள். வயதானவர்களும் பார்வை குறைந்தவர்களும் இருக்கும் வீட்டில் இவளை வைத்துக்கொள்வது உசிதமல்ல. துரைசானி கீழே கையெழுத்துப் போட்டார். கண்ணாடி வந்ததால் நேராகப் போட்டார்.

அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ன கண்ணு எழுதியிருக்குது?"

"நல்லா எழுதியிருக்காங்கக்கா. சுத்தமானவ, கைசுத்தம், சமையல் நல்லா வரும்னு எழுதியிருக்காங்க."

"உன்ற கையெழுத்து முத்து முத்தா இருக்குது," என்றாள்.

அவள் போன வாரமே அந்த அறையை எனக்குக் கொடுத்தார்கள். மழையில் தினம் நடந்து வரவேண்டாம் என்று துரைசானி சொன்னார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து அவரும் அண்ணன் மகனிடமே கப்பலேறிப் போய்விட்டார். டப்பாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அக்கா போனதிலிருந்து அதில் யாருடைய பேரையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு எஸ்டேட் ஆபீஸிலேயே கிளார்க் வேலை கிடைத்தது.

மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் அக்கா ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். உடம்பு பாதியாகிவிட்டது. தம்பி வீட்டு மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொள்வதாகவும், ஏற்காட்டு பஸ் ஸ்டாண்டில் பேரிக்காய் கூறுகட்டி விற்பதாகவும் சொன்னாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். மடித்து மடித்து நாலு துண்டாகும் நிலையில் இருந்தது.

"ஒரு பங்களாவும் பாக்கியில்ல கண்ணு. எல்லாரும் வாங்கிப் படிக்கறாங்க, எடமில்லேன்னு திருப்பிக் குடுத்துடறாங்க. பழசாப் போச்சுன்னு நெனைக்கறாங்களா என்னமோ. புதுக் காயிதத்துல நீயே எழுதிக் குடேன். உன்ற கையெழுத்துத்தான இது."

எழுதியிருக்கலாம். ஐந்து வரியில் இரண்டை விட்டுவிட்டு மூன்றை எழுதினால் போதும். துரைசானி கடல் தாண்டிப் போய்விட்டார், கேட்க ஆளில்லை. ஆனால் அதை எழுத உட்கார்ந்தால், முதல் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை அக்காவிடம் சொல்லவேண்டி வந்துவிடுமோ என்று பயந்தேன். ஏன் மாற்றினாய் என்று கேட்பாள், கேட்காவிட்டாலும் ஒரு நாள் இரண்டையும் யாராவது சேர்த்துப் படித்துக் காட்டுவார்கள். என் கையெழுத்து இரண்டிலும் இருக்கும்.

"புதுசா எழுதினா துரைசானி கையெழுத்து இருக்காதுங்கக்கா, செல்லாது" என்றேன். அவளை பெஞ்சில் உட்காரவைத்தேன். காகிதத்தை மேஜையில் விரித்து, பின்பக்கம் முழுக்கப் பசை தடவி, மெல்லிய துணி ஒட்டி, கிழிந்த மடிப்புகளை ஒன்றோடொன்று பொருத்தினேன். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. கனமான ரிஜிஸ்டர் ஒன்றை மேலே வைத்து அழுத்தி, காய்ந்த பிறகு எடுத்துக் கொடுத்தேன்.

"இனிமேக் கிழியாதுங்க. பத்து வருஷம் தாங்கும்."

அக்கா அதைத் தடவிப் பார்த்தாள். கூடையிலிருந்து இரண்டு பேரிக்காய் எடுத்து என் மேஜைமேல் வைத்துவிட்டு, நல்லா இரு சாமி என்றாள். நாகலூர்ப் பக்கம் ஒரு பங்களாவில் புதிதாக வந்தவர்கள் சமையலுக்கு ஆள் தேடுகிறார்களாம். மத்தியான பஸ்ஸைப் பிடித்தால் இன்றைக்கே போய்க் காட்டிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே வேகமாக இறங்கிப் போனாள்.